ஆர்மீனியா 2018: தெருவும் நாடாளுமன்றமும் சேர்ந்து ஆட்சியை மாற்றிய ஆண்டு

ஆர்மீனியாவில் 2018இல் என்ன நடந்தது என்று கேட்டால் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், பிரதமர் போய்விட்டார்" என்பார்கள் சிலர். "அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் தூண்டிவிட்டது" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பதிலிலும் நாடாளுமன்றம் விடுபட்டுப் போகிறது. புதிய பிரதமரைத் தேர்ந்தெடுத்தது, பழைய ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த அதே அவை. ஐந்து மாதம் கழித்து அந்தப் புதிய பிரதமரும் தானாகவே பதவி விலகினார். தோற்றுப்போய் விலகவில்லை, தேர்தல் வர வேண்டும் என்பதற்காகவே விலகினார். இது ஏன் என்று புரியாமல் 2018 புரியாது.

இதற்கு அரசியல் சட்ட நிபுணராக இருக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு விதிகளும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும் தெரிந்தால் போதும்.

## இடமும் ஆட்களும்

ஆர்மீனியா தென் காகசஸ் மலைநாடுகளில் ஒன்று. மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். கடல் கிடையாது. வடக்கே ஜார்ஜியா, தெற்கே ஈரான், மேற்கே துருக்கி, கிழக்கே அஜர்பைஜான். கடைசி இரண்டு நாடுகளுடனான எல்லைகள் 1990களிலிருந்து மூடிக் கிடந்தன. 1991 வரை சோவியத் ஒன்றியத்தின் பகுதி. நாட்டின் இரண்டாவது நகரமான கியூம்ரியில் இன்றும் ரஷ்யப் படைத்தளம் இருக்கிறது.

மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செர்ஜ் சர்க்சியான்: 2008 முதல் 2018 வரை அதிபர், ஆளும் குடியரசுக் கட்சியின் தலைவர். நிகோல் பஷின்யான்: முன்னாள் பத்திரிகை ஆசிரியர், 2018இல் ஒரு சிறிய எதிர்க்கட்சிக் கூட்டணியின் உறுப்பினர். ககிக் ட்சாருக்யான்: பெரும் பணக்காரர், ஒரு காலத்தில் கைமல்யுத்த வீரர், அவையில் இரண்டாவது பெரிய அணியின் தலைவர்.

ஆர்மென் சர்கிசியான் என்று இன்னொருவரும் வருவார். 2018 ஏப்ரலில் அதிபரானவர் அவர். பெயர் ஒலிதான் ஒத்திருக்கிறது. செர்ஜுக்கு அவர் உறவில்லை. செய்தி படிக்கிறவர்கள் இந்த இருவரையும் ஒருவராக எண்ணிக் குழம்புவது சகஜம்.

## தலைவர் செயலாளரான கதை

ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியிருப்போர் சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைவரை எல்லா வீட்டுக்காரர்களும் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்க முடியாது என்று விதி. காசோலையில் கையெழுத்து, காவலாளிகளை நியமிப்பது, தண்ணீர் லாரிக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் தலைவர் கையில். செயலாளர் அவருக்கு அடுத்தபடி.

இரண்டாவது முறை முடியப்போகிற நேரத்தில் தலைவர் விதிப்புத்தகத்தைத் திருத்துகிறார். இனிமேல் தலைவர் பதவி கௌரவப் பதவி. கொடியேற்றுவார், விழாவுக்குத் தலைமை தாங்குவார். காசோலை, காவலாளி, தண்ணீர் எல்லாம் செயலாளருக்கு. செயலாளரை வீட்டுக்காரர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். நிர்வாகக் குழு தேர்ந்தெடுக்கும். செயலாளர் எத்தனை முறை வேண்டுமானாலும் இருக்கலாம். "இது உனக்காகச் செய்கிற ஏற்பாடா?" என்று கேட்டவர்களிடம், "இல்லவே இல்லை, நான் செயலாளர் பதவிக்கு ஆசைப்பட மாட்டேன்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறார். நாள் வந்ததும் செயலாளர் நாற்காலியில் அவரே உட்காருகிறார்.

சர்க்சியான் செய்தது கிட்டத்தட்ட இதுதான். 2014 ஏப்ரலில் அவர் வெளிப்படையாகவே சொன்னார்: மறுபடி அதிபர் பதவிக்குப் போட்டியிட மாட்டேன், நாடாளுமன்ற முறை வந்தால் பிரதமர் பதவியையும் நாட மாட்டேன். 2015 டிசம்பர் 6 அன்று பொது வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்தை மாற்றினார். 2018 ஏப்ரல் 9 அன்று அவருடைய இரண்டாவது பதவிக்காலம் முடிந்தது. எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 17 அன்று, பிரதமரானார்.

அந்த 2014 வாக்குறுதியின் காணொளி 2018இல் கைபேசிக்குக் கைபேசி ஓடியது. தன் வாயாலேயே சொன்னதை மீறினார் என்பதுதான் மக்களை உறுத்தியது. அரசியல் சட்ட விதிகளின் நுணுக்கம் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது.

## 2015 மாற்றம் உண்மையில் என்ன செய்தது

அதுவரை ஆர்மீனியாவில் இருந்தது அரை அதிபர் முறை. அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள், நிஜ அதிகாரம் அவரிடம் இருக்கும், கூடவே நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்கிற ஒரு பிரதமரும் இருப்பார். அதற்குத்தான் அந்தப் பெயர். 2015 மாற்றத்துக்குப் பிறகு வந்தது நாடாளுமன்ற முறை. மக்கள் அவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், அவை பிரதமரைத் தேர்ந்தெடுக்கும், பிரதமரே ஆட்சி செய்வார். அதிபர் இந்தியக் குடியரசுத் தலைவரைப் போல அடையாளத் தலைவர். அவரையும் நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும். ஆர்மென் சர்கிசியான் 2018 மார்ச் 2 அன்று அப்படித்தான் தேர்வானார்.

கதையை நகர்த்தப்போகும் விதிகள் இவை.

பிரதமரைத் தேர்ந்தெடுக்க மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். அன்று அவையில் 105 பேர். ஆக 53 வாக்கு. அன்றைக்கு வந்தவர்களில் பாதி என்று கணக்குப் போட முடியாது. யார் வந்தாலும் வராவிட்டாலும் 53தான்.

பிரதமர் விலகி, அவை முதல் முறை வாக்களித்தும் யாரும் தேர்வாகவில்லை என்றால், ஏழு நாள் கழித்து இரண்டாவது வாக்கெடுப்பு. அதிலும் யாரும் தேர்வாகவில்லை என்றால் நாடாளுமன்றம் சட்டப்படி தானாகவே கலைந்துவிடும். யாரும் கலைக்க வேண்டியதில்லை. இந்த விதியை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். அந்த ஆண்டு முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம், அதாவது பிரதமர்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அவை வாக்களிப்பது, இங்கே சுலபமில்லை. அடுத்த பிரதமர் யார் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும். அதைவிட முக்கியம், பிரதமர் பதவியேற்று ஓராண்டு முடியும் வரை அப்படி ஒரு தீர்மானமே கொண்டுவர முடியாது.

சுருக்கமாகச் சொன்னால்: ஏப்ரல் 17 அன்று சர்க்சியான் பிரதமரான பிறகு, 2019 ஏப்ரல் வரை அவரை அவை நீக்க வழியே இல்லை. அவராக விலகினால்தான் உண்டு. தெருவில் இருந்தவர்கள் "விலகு" என்று ஒரே ஒரு கோரிக்கை வைத்தது வெறும் கோபத்தால் என்று நினைத்துவிடக் கூடாது. விதிப்புத்தகத்தில் திறந்திருந்த ஒரே கதவு அதுதான்.

## அவைக் கணக்கு

2017 ஏப்ரல் 2 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 58 இடங்கள். அதன் கூட்டணித் துணையான தாஷ்நாக் கட்சிக்கு 7. ட்சாருக்யான் அணிக்கு 31. பஷின்யான் இருந்த எல்க் கூட்டணிக்கு வெறும் 9. அந்தத் தேர்தலில் ஓட்டுக்குப் பணம் கொடுத்ததாகவும் அரசு ஊழியர்களை மிரட்டியதாகவும் நம்பத்தகுந்த தகவல்கள் இருப்பதாக ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர்கள் எழுதினார்கள்.

ஏப்ரல் 17 வாக்கெடுப்பில் சர்க்சியானுக்கு 77 ஆதரவு, 17 எதிர்ப்பு. ஆளுங்கட்சியையும் துணையையும் கூட்டினால் 65தான் வரும். மீதி வாக்குகள் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த ட்சாருக்யான் அணியிலிருந்து வந்தவை. அன்றைக்கு அவைக்குள் நிலைமை அவ்வளவு கெட்டியாக இருந்தது. இந்த 77 என்ற எண் மூன்று வாரத்தில் எப்படிக் கரைந்தது என்பதுதான் இனி நாம் பார்க்கப் போவது.

## நடையில் தொடங்கியது

மார்ச் 31 அன்று பஷின்யான் கியூம்ரியிலிருந்து தலைநகர் யெரெவானுக்கு நடக்கத் தொடங்கினார். கூட வந்தவர்கள் ஒரு சிலர்தான். முதுகில் ஒரு பை, தலையில் தொப்பி, முகத்தில் நாளுக்கு நாள் வளர்ந்த தாடி. "என் அடி", அதாவது நான் எடுத்துவைக்கும் அடி, என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வனட்சோர், திலிஜான் வழியாகச் சுற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் பேசி, முகநூலில் நேரலையாகக் காட்டி, ஏப்ரல் 13 அன்று தலைநகருக்கு வந்து சேர்ந்தார். அப்போதும் பெரும்பாலானவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. 2008 பிப்ரவரியில் சர்க்சியான் முதன்முறை அதிபராகத் தேர்வானதாக அறிவிக்கப்பட்டபோதும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 1 அன்று அந்தக் கூட்டத்தைக் கலைத்ததில் பத்துப் பேர் செத்தார்கள். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற பஷின்யான் ஓராண்டுக்கு மேல் தலைமறைவாக இருந்து, பிறகு சரணடைந்து, 2011 பொதுமன்னிப்பு வரை சிறையில் இருந்தார். ஆர்மீனியர்கள் எல்லாருக்கும் மார்ச் 1 நினைவில் இருந்தது. திரண்டால் சுடுவார்கள் என்ற பயமும் இருந்தது.

## தெரு எப்படி வேலை செய்தது

2018 போராட்டத்தின் உத்தி அந்தப் பயத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒரே இடத்தில் கூட்டம் சேர்ந்தால் சுற்றி வளைப்பது எளிது. ஆகவே பகலில் கூட்டத்தைப் பிரித்தார்கள். பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து அவரவர் தெருச் சந்தியை மறித்தார்கள். குறுக்கே காரை நிறுத்தினார்கள். பூங்கா பெஞ்சை, குப்பைத்தொட்டியை இழுத்துப் போட்டார்கள். சாலை நடுவில் கைப்பந்து ஆடினார்கள், கறி சுட்டுச் சாப்பிட்டார்கள், கோச்சாரி நடனம் ஆடினார்கள். ஒரு சந்தியில் சின்னப் பிள்ளைகள் பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்கி வழியை அடைத்தார்கள். போலீஸ் வந்தால் கையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும், எதிர்த்துக் கை ஓங்கக் கூடாது என்று கட்டளை. இங்கே கலைத்தால் அடுத்த சந்தியில் இன்னொரு குழு. மாலையானால் எல்லாரும் குடியரசுச் சதுக்கத்துக்கு. இரவில் வீட்டு ஜன்னல்களிலிருந்து பாத்திரம் தட்டும் சத்தம்; தெருவுக்கு வர முடியாத பாட்டிமாரும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

இப்படி வன்முறை இல்லாமல் ஆட்சியாளரை விலகவைப்பதைத்தான் வெல்வெட் புரட்சி என்கிறார்கள். 1989இல் செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்ததற்கு வைத்த பெயர் அது. ஏப்ரல் 17 அன்று பஷின்யான் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்.

இந்தப் போராட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. போலீஸ்காரரை எதிரியாக ஆக்காமல், அவர் சுட வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொள்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! பத்து வருடம் முன்பு பத்துப் பிணம் விழுந்த அதே நகரத்தில் அந்தப் பொறுமை இருந்தது.

ஏப்ரல் 22, ஞாயிறு. குடியரசுச் சதுக்கத்தை ஒட்டிய ஹோட்டலில் சர்க்சியானும் பஷின்யானும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் கேமராக்கள். ஒருவர் கோட்டு சூட்டு. இன்னொருவர் ராணுவப் புள்ளிச் சட்டை, சில நாள் முன்பு முள்கம்பியில் கிழித்துக்கொண்ட கையில் கட்டு. உங்கள் விலகலைப் பற்றிப் பேசத்தான் வந்தேன் என்றார் பஷின்யான். இது பேச்சுவார்த்தை இல்லை, மிரட்டல் என்றார் சர்க்சியான். ஏழெட்டு சதவீத வாக்கு வாங்கிய கட்சிக்கு மக்கள் பெயரால் பேச உரிமையில்லை என்றார். மார்ச் 1இலிருந்து நீங்கள் பாடம் கற்கவில்லை என்றும் சொன்னார். எழுந்து போய்விட்டார். மொத்தம் மூன்று நிமிடம்தான் இருக்கும்.

மார்ச் 1 என்று அவர் சொன்னது திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சற்று நேரத்தில் பஷின்யானையும் இரண்டு சக உறுப்பினர்களையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. தலைவர்கள் உள்ளே போனதும் கூட்டம் கலைந்துவிடும் என்று ஆட்சியில் இருந்தவர்கள் எண்ணியிருக்கலாம். அன்று மாலை சதுக்கத்தில் திரண்டவர்கள் லட்சத்தைத் தாண்டியதாக மதிப்பிட்டார்கள். தெருவுக்குத் தெரு தனித்தனிக் குழுவாக வேலை செய்து பழகியவர்களுக்கு மேலிருந்து உத்தரவு தேவைப்படவில்லை.

மறுநாள் காலை சீருடை அணிந்த சிப்பாய்கள் சிலர், ஆயுதமில்லாமல், ஊர்வலத்தில் சேர்ந்து நடந்தார்கள். பாதுகாப்பு அமைச்சகம் நடவடிக்கை எடுப்போம் என்றது. ஆனால் அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவிவிட்டது. படை எந்தப் பக்கம் என்ற கேள்வி எழுந்துவிட்டால் எந்த ஆட்சிக்கும் அதற்குப் பிறகு தூக்கம் கிடையாது. அடுத்த நாளோ ஏப்ரல் 24. 1915இல் ஒட்டோமான் பேரரசில் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலையின் நினைவு நாள், நாடே ட்சிட்சர்னகபெர்த் குன்றுக்கு நடந்து போகும் நாள்.

பிற்பகலில் பஷின்யானை விடுவித்தார்கள். சற்று நேரத்தில் சர்க்சியானின் அறிக்கை வந்தது. "நிகோல் பஷின்யான் சொன்னது சரி. நான் செய்தது தவறு" என்று அதில் இருந்தது. இந்த நிலைமைக்குப் பல தீர்வுகள் உண்டு, அவற்றில் எதையும் நான் கையில் எடுக்க மாட்டேன் என்றும் எழுதியிருந்தார். என் பார்வையில் அந்த வாக்கியத்துக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். மனம் வைத்திருந்தால் அன்று ரத்தம் சிந்தவைத்திருக்கலாம். செய்யவில்லை. பிரதமர் நாற்காலியில் அவர் இருந்தது ஆறு நாள்.

இதுவரை நடந்தது: அவை நீக்க முடியாத பிரதமரைத் தெரு விலகவைத்தது. ஆனால் அவையில் பெரும்பான்மை இன்னும் அவருடைய கட்சியிடம்தான். "அன்றோடு எல்லாம் முடிந்தது" என்று நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

## ஆறு வாக்கு

கரேன் கராபெத்யான் தற்காலிகப் பிரதமரானார். அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். சர்க்சியான் போனாலும் கட்சி அப்படியே இருந்தது. வேறொருவரை நிறுத்தி 53 வாக்கு போட்டிருந்தால் சட்டப்படி கேட்பாரில்லை.

கணக்கைப் பாருங்கள். தாஷ்நாக் கட்சி கூட்டணியை விட்டு வெளியேறியது. ட்சாருக்யானும் பஷின்யான் பக்கம் சாய்ந்தார். ஆக எல்க் 9, ட்சாருக்யான் 31, தாஷ்நாக் 7: மொத்தம் 47. எல்லாரும் ஒருவர் விடாமல் வாக்களித்தாலும் ஆறு குறைகிறது. அந்த ஆறும் குடியரசுக் கட்சியிலிருந்துதான் வர வேண்டும்.

மே 1 அன்று முதல் வாக்கெடுப்பு. ஒரே வேட்பாளர் பஷின்யான். மணிக்கணக்காகக் கேள்வி கேட்டார்கள். சதுக்கத்தில் பெரிய திரைகளில் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவு: 45 ஆதரவு, 55 எதிர்ப்பு. தோல்வி.

இந்த இடத்தில் அந்த இரண்டு முறை விதி உயிர்பெறுகிறது. ஏழு நாளில் இரண்டாவது வாக்கெடுப்பு. அதிலும் தோற்றால் அவை கலைந்து தேர்தல் வரும். நாடு முழுக்கத் தன்மேல் கோபத்தில் கொதிக்கும்போது தேர்தலைச் சந்திக்க குடியரசுக் கட்சிக்குத் துணிவில்லை. பஷின்யானுக்கும் அப்போதைக்கு அது உவப்பில்லை. தேர்தலை நடத்துவது பழைய ஆட்சியின் கையில்தான் இருக்கும்.

மே 2 அன்று நாடு நின்றது. நெடுஞ்சாலைகள், ரயில், அமைச்சக வாசல்கள் எல்லாம் மறிக்கப்பட்டன. பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு நடந்தார்கள். அன்று மாலையே குடியரசுக் கட்சி இறங்கிவந்தது: அவை உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் யாரை முன்மொழிகிறார்களோ அவருக்கு மே 8 அன்று ஆதரவு தருகிறோம் என்றது. இரண்டாவது வாக்கெடுப்பில் வேட்பாளராக அத்தனை பேரின் முன்மொழிவு வேண்டும் என்பது விதி. 105இல் மூன்றில் ஒன்று 35. பஷின்யானிடம் அது தாராளமாக இருந்தது.

மே 8: 59 ஆதரவு, 42 எதிர்ப்பு. குடியரசுக் கட்சியினர் பெரும்பாலோர் எதிர்த்தே வாக்களித்தார்கள். தேவையான அளவு மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து கொடுத்தார்கள். தேர்வானவரின் கூட்டணிக்கு அவையில் சொந்தமாக இருந்தது அதே 9 இடம்தான்.

## வெளிநாட்டுச் சதியா?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜார்ஜியா, உக்ரைன் போராட்டங்களில் ரஷ்யாவா மேற்கா என்பது பெரிய கேள்வியாக இருந்தது. யெரெவான் போராட்டக்காரர்கள் அந்தக் கேள்வியையே தொடவில்லை. ரஷ்யா தலைமையிலான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்திலிருந்து வெளியேற மாட்டோம், ரஷ்யத் தளம் இருக்கட்டும் என்று பஷின்யான் வெளிப்படையாகச் சொன்னார். மாஸ்கோவும் இது உங்கள் உள்நாட்டு விஷயம் என்று ஒதுங்கி நின்றது. சர்க்சியான் விலகிய அன்று ரஷ்ய வெளியுறவு அமைச்சகச் செய்தித் தொடர்பாளர் போராடியவர்களைப் பாராட்டியே எழுதினார். சதி என்று சொல்கிறவர்கள் இந்த ஏற்பாட்டால் யார் என்ன லாபம் அடைந்தார்கள் என்று காட்ட வேண்டும்.

## கோடையும் இலையுதிர்காலமும்

அடுத்த மாதங்களில் ஊழல் விசாரணைகள் வரிசையாக வந்தன. ஜூனில் ஜெனரல் மன்வெல் கிரிகோர்யானின் வீட்டைச் சோதனையிட்ட காணொளியைத் தேசியப் பாதுகாப்பு சேவை வெளியிட்டது. சிப்பாய்களுக்கு அனுப்பப்பட்ட உணவு டப்பாக்கள், பள்ளிப் பிள்ளைகள் அவர்களுக்கு எழுதிய கடிதங்கள் அங்கே கிடந்ததாகக் காட்டினார்கள். தீர்ப்பு வருமுன்பே அவர் 2020இல் காலமானார்; குற்றம் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்த தாய்மார்களின் கொதிப்பை எந்தத் தீர்ப்பும் மாற்றியிருக்காது. ஜூலையில் முன்னாள் அதிபர் ராபர்ட் கோச்சார்யான் 2008 மார்ச் 1 தொடர்பாகக் கைதானார். சர்க்சியான் பதவியேற்கும் முன், அந்த நாளில் அதிபராக இருந்தவர் அவர். அந்த வழக்கு 2021இல் கைவிடப்பட்டது. அதற்கு ஆதாரமான சட்டப்பிரிவே செல்லாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செப்டம்பர் 23 அன்று யெரெவான் மாநகரத் தேர்தலில் பஷின்யானின் அணி 81 சதவீத வாக்கு வாங்கியது. நகைச்சுவை நடிகராக இருந்த ஹய்க் மருத்யான் மேயரானார்.

மாநகரத் தேர்தலின் அந்த 81 சதவீதம் அவையில் இருந்தவர்களைக் கலக்கியது. பொதுத் தேர்தல் வந்தால் நம் கதி என்ன?

## விலகினால்தான் தேர்தல்

பஷின்யானின் சிக்கல் இது. மக்கள் ஆதரவு வெள்ளமாக இருக்கிறது. அவையில் சொந்த ஆட்கள் ஒன்பது. ஒவ்வொரு மசோதாவுக்கும் பழைய கட்சியின் தயவு வேண்டும். தேர்தல் வைத்தால் தீரும். ஆனால் இந்த அரசியல் சட்டத்தில் பிரதமர் தானாக நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது.

இருந்த வழி ஒன்றுதான். பிரதமர் விலக வேண்டும். அவை இரண்டு முறை யாரையும் தேர்ந்தெடுக்காமல் விட வேண்டும். அவை தானாகக் கலையும். ஏப்ரலில் ஒருவரை நாற்காலியிலிருந்து இறக்கிய அதே 'விலகல்' என்ற கருவி, இப்போது அவையைக் கலைக்கும் கருவி ஆகிறது.

ஆபத்தும் இருந்தது. அவர் விலகியதும் குடியரசுக் கட்சி தன் ஆளை நிறுத்தி 53 வாக்கு போட்டால் எல்லாம் போச்சு. இதற்கிடையில் அக்டோபர் 2 அன்று அவை அவசர அவசரமாக ஒரு மசோதாவை நிறைவேற்றியது: கூட்டமே நடக்க முடியாதபடி தடுக்கப்பட்டால் அதை 'தேர்ந்தெடுக்கத் தவறியது' என்று கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதாவது கலைப்புக்கான வழியை அடைக்கும் முயற்சி. பஷின்யான் மக்களை அழைத்தார். அன்றிரவு பல்லாயிரம் பேர் நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள். மசோதாவுக்கு வாக்களித்த ட்சாருக்யான் கட்சி, தாஷ்நாக் கட்சி அமைச்சர்களை அவர் பதவியிலிருந்து நீக்கினார்.

நாடாளுமன்றத்தைச் சூழ்ந்து நின்று சட்டமியற்றுபவர்களை நெருக்குவது நல்ல பழக்கம் என்று என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த அவை மக்கள் மனதைப் பிரதிபலிக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் அடுத்த தடவை வேறொருவர் வேறொரு காரணத்துக்காக இதே வழியில் வரலாம்.

பிறகு பேரம் நடந்தது. ட்சாருக்யான் முன்கூட்டியே தேர்தலுக்கு ஒப்புக்கொண்டார். குடியரசுக் கட்சி வேட்பாளரை நிறுத்தவில்லை. அக்டோபர் 16 அன்று பஷின்யான் விலகினார். தற்காலிகப் பிரதமராகத் தொடர்ந்தார். அக்டோபர் 24 வாக்கெடுப்பு, யாரும் தேர்வாகவில்லை. நவம்பர் 1, மறுபடி யாரும் தேர்வாகவில்லை. அவை கலைந்தது. தோற்பதற்காகவே நடந்த வாக்கெடுப்புகள் அவை. தேர்தல் சட்டத்தை மாற்ற அவர் எடுத்த முயற்சி மட்டும் வெற்றிபெறவில்லை. பழைய சட்டத்திலேயே தேர்தல்.

சுருக்கம்: மே மாதம் கலைப்பு என்பது குடியரசுக் கட்சியைப் பயமுறுத்திய கத்தி. அக்டோபரில் அதே கலைப்பு பஷின்யான் தேடிப்போன வழி. விதி மாறவில்லை, யார் தேர்தலுக்கு அஞ்சினார்கள், யார் விரும்பினார்கள் என்பதே மாறியது.

## டிசம்பர் 9

பஷின்யானின் 'என் அடி' கூட்டணிக்கு 70.4 சதவீதம். ட்சாருக்யானின் வளமான ஆர்மீனியா கட்சிக்கு 8.3. ஒளிமிகு ஆர்மீனியா கட்சிக்கு 6.4. முந்தைய தேர்தலில் 49 சதவீதம் வாங்கிய குடியரசுக் கட்சி 4.7 சதவீதத்தில் நின்றது. ஒரு கட்சி அவைக்குள் வர 5 சதவீதம் வேண்டும். ஆகவே ஒரு இடமும் இல்லை. அடிப்படை உரிமைகள் மதிக்கப்பட்டன, மக்கள் நம்பிக்கை இருந்தது என்று பார்வையாளர்கள் இந்த முறை எழுதினார்கள். வாக்களித்தவர்கள் 48.6 சதவீதம் பேர், 2017இல் 60.9. கூட்டம் பெருகிய ஆண்டில் ஓட்டு குறைந்தது பலருக்கு ஆச்சரியம். முடிவு முன்பே தெரிந்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். பணமும் மிரட்டலும் இல்லாதபோது வாக்குச்சாவடிக்கு வருகிறவர் எண்ணிக்கை இதுதான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இடக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. அவைக்குள் வராத கட்சிகளின் வாக்குகளைக் கழித்துவிட்டு, வந்த மூன்றுக்கும் இடையே பங்கு போட்டால் வென்றவருக்கு 82 சதவீதத்துக்கு மேல் வரும். அப்படி ஒரே கட்சி விழுங்கிவிடக் கூடாது என்று தேர்தல் சட்டத்தில் ஒரு காப்பு இருந்தது: எதிர்க்கட்சிகளுக்கு மூன்றில் ஒரு பங்காவது இருக்கும்படி கூடுதல் இடங்களை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். ஆகவே 105 பேர் இருந்த அவை 132 ஆனது. பஷின்யானுக்கு 88, மற்ற இருவருக்கும் சேர்த்து 26ம் 18மாக 44. அச்சாக மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று.

ஆட்சி மாறியது, அவை மாறியது. 2015 அரசியல் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. சர்க்சியான் காலத்தில் பிரதமர் நாற்காலிக்கு அடியில் சேர்த்துவைத்த அதிகாரங்களும் அப்படியே: போலீஸ் பிரதமருக்குக் கீழே, தேசியப் பாதுகாப்பு சேவை பிரதமருக்குக் கீழே, பாதுகாப்புக் கவுன்சிலின் தலைமை பிரதமரிடம், போர் வந்தால் படையின் தலைமையும் பிரதமரிடம். எதிர்க்கட்சியில் இருந்தபோது பஷின்யான் கண்டித்த அந்த நாற்காலியில், 2019 ஜனவரியில், அவையில் மூன்றில் இரண்டு பங்கு பலத்தோடு அவரே உட்கார்ந்தார்.